வீடு கேட்டு வந்த கடிதங்கள்

போன மாதம் வாடகை உயர்வு பற்றி ஒருவர் கேட்டதற்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களே ஒரு கட்டு சேர்ந்துவிட்டது, எல்லாமே வீடு பற்றியவை. அதனால் இந்த மாதம் வேறு கேள்விகளை எடுக்கவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள், அதனால் யார் பெயரையுமே போடவில்லை. ஊர் மட்டும் இருக்கும்.

முக்கூடல் பக்கம் இருந்து ஒரு வாசகி: அக்கா, நான் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரருக்குக் கூலி வேலை. இருபது வருடமாக ஓலைக் குடிசையில் இருக்கிறோம். தீர்வை ரசீது, கரண்ட் பில் எல்லாம் என் பெயரில்தான் இருக்கிறது. வீடு கட்ட அரசு பணம் தரும் கனவு இல்லத் திட்டத்துக்கு எழுதிக் கொடுத்தால், "உங்களுக்குப் பட்டா இல்லம்மா, கிடைக்காது" என்று சொல்லிவிட்டார்கள். இனி என்ன செய்வது?

அவர்கள் சொன்னதில் பாதி சரி தங்கச்சி. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

வீடு கட்டப் பணம் தரும் திட்டம் எதுவாக இருந்தாலும் மண் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். 2024ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லமும் அப்படித்தான், 2016ல் இருந்து நடக்கும் பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டமும் அப்படித்தான். தீர்வை ரசீதும் கரண்ட் பில்லும் நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைக் காட்டும், இடம் உங்களுடையது என்று காட்டாது. அதனால் வீட்டு மனுவைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முதலில் பட்டாவுக்கு மனு கொடுங்கள். "கிடைக்காது" என்றவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பட்டா கிடைக்குமா என்பது உங்கள் குடிசை எந்த மாதிரி இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வி.ஏ.ஓ.விடம் போய் உங்கள் இடத்தின் சர்வே எண் என்ன, கிராமத்து நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அதற்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்திலும் இதைக் காசில்லாமல் பார்க்கலாம், பக்கத்து வீட்டுக் காலேஜ் பிள்ளை யாராவது இருந்தால் ஐந்து நிமிட வேலை. அங்கே 'நத்தம்' என்று இருந்தால் உங்களுக்கு நல்ல காலம், நத்தம் என்பதே ஊர் மக்கள் வீடு கட்டிக் குடியிருக்க விட்ட இடம்தான். ஆட்சேபனை இல்லாத புறம்போக்கு, அதாவது குடியிருக்கத் தடை இல்லாத அரசு நிலம் என்றாலும் வரன்முறை செய்து, அதாவது குடியிருப்பைச் சட்டப்படி ஒழுங்காக்கி, பட்டா கேட்க வழியுண்டு. 2025 பிப்ரவரியில் அப்படிப்பட்ட இடங்களில் இருக்கும் 86,000 பேருக்குப் பட்டா கொடுக்க மாநில அமைச்சரவை முடிவு செய்தது, அதில் நம் நெல்லை மாநகரப் பகுதியும் உண்டு. ஆனால் குளம், ஓடை, ஆற்றுப் புறம்போக்கு, கால்வாய்க் கரை என்று இருந்தால் நாற்பது வருடம் குடியிருந்தாலும் அந்த இடத்துக்குப் பட்டா வராது. நம் பக்கம் கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் என்று தண்ணீர் ஓடும் இடமெல்லாம் கரையில் குடிசைகள் இருக்கின்றன, அவர்களுக்கும் இதே பதில்தான். அப்படி இருந்தால் மனுவில் "இந்த இடத்துக்குப் பட்டா தாருங்கள்" என்று எழுதாதீர்கள். "எனக்குச் சொந்த இடம் வேறு எங்கும் இல்லை, மாற்று இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா தாருங்கள்" என்று எழுதுங்கள். கிராமத்தில் மூன்று சென்ட் வரை தருவார்கள். பட்டியல் சாதிக் குடும்பம் என்றால் ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் தாலுகா ஆபீஸ். பெண் பெயரில்தான் பெரும்பாலும் பட்டா போடுகிறார்கள், அதனால் மனுவை நீங்களே உங்கள் பெயரில் எழுதுங்கள், வீட்டுக்காரர் கூட வரட்டும்.

தாலுகா ஆபீசில் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு இருக்கும், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அங்கே மனுவைப் பதிந்து எண் போட்டு ஒரு சின்னச் சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டுதான் முக்கியம். அடுத்த தடவை போய் "மனு கொடுத்திருந்தேன் சார்" என்று சொன்னால் "எப்போம்மா?" என்பார்கள், "இந்த எண், இந்தத் தேதி" என்று காட்டினால் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றோரமாக ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். செம்மண் சுவரில் நெஞ்சளவுக்கு ஈரக் கோடு, அடுப்பு இருந்த இடத்தில் சகதி, பாத்திரம் எல்லாம் முற்றத்தில் கிடந்தது. அந்த அம்மா ஸ்டூல் மேல் ஏறி விட்டத்தில் கட்டியிருந்த ஒரு மஞ்சள் பையை அவிழ்த்தார். உள்ளே பாலிதீன் உறைக்குள் ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம், ஏழு மனுச் சீட்டுகள், அதில் முதல் சீட்டு எழுத்தே மங்கிப்போய். "இது போச்சுன்னா நான் இருந்ததுக்கே சாட்சி இல்லம்மா" என்றார். நீங்களும் ஒரு பை வையுங்கள். எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்தும் வையுங்கள்.

பட்டா வந்துவிட்டால் அப்புறம் கிராம சபை. வருடத்துக்கு ஆறு நாள் கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பயனாளிகள் பட்டியலை அங்கே வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். அன்றைக்குப் போய் உட்காருங்கள். உங்கள் பெயர் இல்லை என்றால் எழுந்து கேளுங்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பெண்கள் நாலு பேர் சேர்ந்து போனால் கேட்பது சுலபம், தனியாக நின்றால் குரலே வராது.

வீடு கிடைத்தால் அதில் ஒரு எச்சரிக்கை. கனவு இல்லத்துக்கு மூன்றரை லட்சம் கணக்கு, 360 சதுர அடி வீடு, அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. பணம் மொத்தமாகக் கையில் வராது. நீங்கள் கட்டக் கட்ட, ஓவர்சியர் வந்து பார்த்து எழுத எழுத, கணக்கில் ஏறும். இதில்தான் நம் சனம் மாட்டிக்கொள்கிறது. வானம் தோண்டும்போதே கொத்தனார் "இன்னும் ரெண்டு அடி தள்ளிப் போடுவோம், பின்னாடி ஒரு ரூம் எடுக்கலாம்" என்பார், நமக்கும் ஆசை, கந்துவட்டிக்கு வாங்கிப் போடுவோம், பேஸ்மட்டத்தோடு பணம் தீர்ந்துவிடும். கூரை இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு வட்டி கட்டுபவர்களை எனக்குத் தெரியும். முதலில் 360 அடியை முடியுங்கள். குடியேறுங்கள். பின்னாடி ரூமைப் பிள்ளைகள் சம்பாதித்துப் போடட்டும்.

"பட்டியலில் ஏற்றித் தருகிறேன், பத்தாயிரம் கொடு" என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

பேட்டையில் இருந்து: மூணு லட்சம் கொடுத்து ஒத்திக்கு வீடு பிடித்தோம், மாத வாடகை கிடையாது, காலம் முடிந்ததும் அந்தப் பணம் திரும்ப வர வேண்டும். மூன்று வருடம் முடியப் போகிறது. இப்போது வீட்டுக்காரர் வீட்டை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டதாகச் சொல்கிறார், பணம் அடுத்த வருடம் தருவாராம், உடனே காலி செய்யச் சொல்கிறார். மோட்டாரை ஆஃப் பண்ணிவிட்டார், தண்ணீர் வரவில்லை. நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம்.

இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு என் அம்மா ஞாபகம்தான் வந்தது. நான் எட்டாவது படிக்கும்போது அம்மா சீட்டுப் போட்டு, தோட்டை விற்று, நாற்பதாயிரம் கொடுத்து ஒத்திக்கு ஒரு வீடு பிடித்தாள். வாடகை இல்லாமல் மூன்று வருடம் மூச்சு விடலாம் என்று. ஒன்றரை வருடத்தில் பேங்க்கில் இருந்து ஆள் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள், வீடு எங்களுக்கு முன்னாலேயே அடமானத்தில் இருந்திருக்கிறது. நாங்கள் பாத்திரத்தோடு தெருவுக்கு வந்தோம். அந்த நாற்பதாயிரத்தில் ஆறாயிரம்தான் திரும்பியது. அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், பணம் கைக்கு வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள். கோர்ட் உத்தரவு இல்லாமல் உங்களை யாரும் வெளியே தள்ள முடியாது, வீட்டை வாங்கியவருக்கும் அந்த உரிமை கிடையாது. தண்ணீரை நிறுத்தியதற்கு இன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடுத்து பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கிறது. பெண் யாராவது மனு கொடுத்தால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், 1987ல் வந்த சட்டம் அப்படிச் சொல்கிறது. 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். வழக்குக்குப் போகும் முன்பே இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி முடித்து வைப்பதும் அங்கே நடக்கிறது, உங்கள் விஷயத்துக்கு அதுதான் சீக்கிரம் பலன் தரும் என்று நினைக்கிறேன்.

உங்கள் பலவீனம் அந்த நூறு ரூபாய் பத்திரம். ஒத்தி என்பது சட்டப்படி அடமானம், நூறு ரூபாய்க்கு மேல் அடமானம் என்றாலே சார் பதிவாளர் ஆபீசில் பதிய வேண்டும். பதியாத பத்திரம் அடமானமாக நிற்காது. ஆனால் மூன்று லட்சம் கொடுத்ததற்குச் சாட்சியாக அதைக் காட்டலாம், அதனால் பத்திரமாக வையுங்கள், பேங்க் மூலம் கொடுத்திருந்தால் அந்த ஸ்டேட்மென்ட்டையும் எடுங்கள். பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்று இழுத்தடிப்பதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இனி ஒத்திக்கு வீடு பார்ப்பவர்கள், மேலப்பாளையமோ தச்சநல்லூரோ எங்கே என்றாலும், மூன்று காரியம் செய்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது அந்த வீட்டின் மேல் அடமானம், விற்பனை ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்பதை, காசில்லாமல் பார்க்கலாம், முப்பது வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். மூலப் பத்திரத்தைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள், "அது பேங்க்கில் இருக்கு" என்று சொன்னால் அந்த வீடு வேண்டாம். அப்புறம் ஒத்திப் பத்திரத்தைப் பதியுங்கள். செலவாகும், வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு வேறு சட்டம். 2017ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. நம் ஊரில் பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இந்த விதியைச் சொல்லிப் பேசிப் பாருங்கள், குறைப்பார்கள். தண்ணீர், கரண்ட்டை நிறுத்துவதையும் இந்தச் சட்டம் தடுக்கிறது.

ஊர் பெயரும் வேண்டாம் என்ற ஒரு தங்கை: ராத்திரி பதினோரு மணிக்குக் கணவர் என்னை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காலையில் அண்ணன் வந்து கூட்டிப் போனான். இன்னொரு தடவை இப்படி நடந்தால் எங்கே போவேன் என்று தெரியவில்லை. வீடு மாமியார் பெயரில் இருக்கிறது.

அந்த ராத்திரி 181 என்ற எண் உங்கள் போனில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போதே போட்டு வையுங்கள், இதைப் படிக்கும் எல்லாருமே போட்டு வையுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, சகி என்று சொல்வார்கள். பிள்ளையோடு போய்ச் சில நாட்கள் தங்கலாம், சாப்பாடு, மருத்துவம், வக்கீல் உதவி எல்லாம் அங்கேயே. கூடுதல் நாட்கள் தேவை என்றால் அவர்களே பெண்கள் தங்கும் இல்லத்துக்கு அனுப்புவார்கள். நேரில் போக முடியாவிட்டால் கலெக்டர் ஆபீசில் மாவட்ட சமூக நல அலுவலகம், அங்கே பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார், அவரைப் பார்க்க வேண்டும்.

வீடு மாமியார் பெயரில் இருக்கிறது என்பதற்காக உங்களுக்கு அங்கே இருக்க உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2005ம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில், கணவரோடு சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் அது பொருந்தும் என்று 2020ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொத்தில் பங்கு வேறு, குடியிருக்கும் உரிமை வேறு, அதை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவது பாதுகாப்பில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், வேறு இடத்தில் இருக்க உங்கள் கணவர் வாடகை கொடுக்க வேண்டும் என்றும் மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். எது வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அண்ணனோ ஊர்ப் பெரியவர்களோ "அனுசரிச்சுப் போ" என்று சொல்வதற்காகப் போகாதீர்கள், தங்கச்சி.

சேரன்மகாதேவி அருகில் இருந்து ஒரு பெரியவர்: மகன் கடைசிவரை பார்த்துக்கொள்வான் என்று வீட்டை அவனுக்கு எழுதிக் கொடுத்தேன். இப்போது என்னைத் தார்சாவில் படுக்க வைத்திருக்கிறார்கள். உள்ளே வரக் கூடாதாம். எனக்கு 74 வயது.

ஐயா, உங்கள் கையெழுத்து ஒவ்வொரு வரியிலும் கீழே இறங்கி இறங்கிப் போகிறது, ஆனாலும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ல் வந்தது. அறுபது வயது ஆன யாரும் மனு கொடுக்கலாம். உங்கள் பக்கத்துக்குச் சேரன்மகாதேவி சார் ஆட்சியர் ஆபீஸ்தான் தீர்ப்பாயம். வக்கீல் தேவையில்லை, வெள்ளைத் தாளில் நீங்கள் எனக்கு எழுதியது போலவே எழுதினால் போதும். மாதம் பத்தாயிரம் வரை பராமரிப்புக் கேட்கலாம். அதோடு, அந்தச் சட்டத்தின் 23வது பிரிவில், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யலாம் என்று இருக்கிறது. அதனால் வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரத்தின் நகலைச் சார் பதிவாளர் ஆபீசில் வாங்கி, அந்த நிபந்தனை அதில் எழுதியிருக்கிறதா என்று யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதவில்லை என்றாலும் மனு கொடுங்கள், பராமரிப்பு கேட்பதற்கு அது தடையில்லை. எழுதக் கை நடுங்கினால் 14567 முதியோர் உதவி எண், அவர்களிடம் வழி கேளுங்கள்.

இன்னும் எழுதிக் கொடுக்காதவர்களுக்கு: உயில் எழுதுங்கள், உயிரோடு இருக்கும்வரை வீடு உங்களுடையது. செட்டில்மெண்ட்தான் வேண்டும் என்று பிள்ளை கட்டாயப்படுத்தினால், ஆயுள்வரை நான் இந்த வீட்டில் குடியிருப்பேன், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற வரிகளைப் பத்திரத்தில் போடாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

கல்லிடைக்குறிச்சியில் இருந்து: மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவன். அப்பா, தாத்தா எல்லாரும் அங்கேதான் தேயிலை பறித்தார்கள். 2024ல் வேலை நின்றுபோனதும் கீழே இறங்கி வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்குச் சொந்த ஊர் என்று சொல்ல ஒரு சென்ட் கிடையாது.

தம்பி, 1929ல் தொடங்கிய 99 வருடக் குத்தகை 2028ல் முடிகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. மூன்று நாலு தலைமுறை அங்கே உழைத்தவர்களுக்கு மண் எங்கே என்பது மட்டும் யார் கணக்கிலும் வராமல் போய்விட்டது. இது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். வீடு, மனை என்று மறுவாழ்வு உதவிகள் செய்வதாக அரசு உயர் நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. அதனால் நீங்கள் பொதுப் பட்டியலில் ஒருவராக மனு கொடுக்காமல், மாஞ்சோலைத் தொழிலாளி குடும்பம் என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். வருகைச் சீட்டு, பி.எஃப். எண், லயத்து முகவரியில் இருக்கும் பழைய ரேஷன் கார்டு நகல், பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ரேஷன் கார்டைக் கீழே மாற்றும் முன் பழைய அட்டையை முன்னும் பின்னும் நகல் எடுங்கள். தனித்தனியாகப் போகாமல் ஒரே லயத்து ஆட்கள் சேர்ந்து போங்கள்.

வள்ளியூரில் இருந்து: சித்தாள் வேலை பார்க்கிறேன். வாரிய அட்டை இருக்கிறது. வீட்டுக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் வீடு கட்ட நாலு லட்சம் வரை தருகிறார்கள், சொந்தமாக மனை வேண்டும். மனை இல்லாதவர்கள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி வீட்டுக்குப் பங்குத் தொகையாக அந்தப் பணத்தைக் கேட்கலாம். பழைய குடிசை மாற்று வாரியம்தான் இது, 2021ல் பெயர் மாற்றினார்கள். அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள், நிறைய மனு அதனால்தான் திரும்புகிறது. வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது இருந்தால் அடையாள அட்டையையும் வையுங்கள், அரசு வீட்டு ஒதுக்கீட்டில் 5 சதவீதம் அவர்களுக்கு.

ராதாபுரத்தில் இருந்து: பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் பன்னிரண்டாயிரம். தனியார் ஹாஸ்டலில் பாதிச் சம்பளம் போய்விடும்.

நெல்லையில் அரசின் தோழி விடுதி இருக்கிறது, வேலைக்குப் போகும் பெண்களுக்கானது. இணையதளத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துப் பதியலாம். வேலைக் கடிதமும் ஆதாரும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி காலேஜில் சேரப் போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், அவனுக்கு அரசு நல விடுதியில் தங்கல், சாப்பாடு இரண்டும் இலவசம். 2025ல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். காலேஜ் அட்மிஷன் போட்ட அன்றைக்கே விடுதி விண்ணப்பமும் போட வேண்டும், ஒரு மாதம் கழித்துப் போனால் இடம் இருக்காது.

ஜங்ஷனில் கடை வைத்திருக்கும் ஒருவர்: கடை வாசலில் ஒரு வயதான அம்மா மூன்று மாதமாகப் படுத்திருக்கிறார். மழைக்கும் அங்கேதான். யாரிடம் சொல்வது?

உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி நகரத்தில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு வீடற்றோர் இல்லம் இருக்க வேண்டும், வருடம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், காசு வாங்கக் கூடாது. மாநகராட்சி ஆபீசில் சொல்லுங்கள், 14567லும் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். வண்டி வந்து திடீரென்று ஏற்றினால் பயந்துபோய் அங்கிருந்து ஓடி வந்துவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் டீ வாங்கிக் கொடுத்து, பெயர் கேட்டு, எங்கே கூட்டிப் போகிறோம் என்று சொல்லி, முடிந்தால் நீங்களும் கூடப் போய் இறக்கிவிட்டு வாருங்கள். அவர் வைத்திருக்கும் மூட்டையைத் தூக்கி எறிய விடாதீர்கள். அடுத்த வாரம் ஒரு தடவை போய்ப் பாருங்கள், எப்படி இருக்கிறார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.